மூன்று மடிப்பு ஓலை

தங்கையின் குழந்தைக்குக் காய்ச்சல். அடுப்பில் மல்லியும் வேர்க்கொம்பும் நிலவேம்பும் கொதிக்கிற மணம் எழுந்ததும், ஊரில் காய்ச்சல் பரவிய காலத்தில் எங்கள் ஒழுங்கைச் சனங்கள் தாங்களே கிடுகு வேய்ந்து, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்து, முறை வைத்து மருந்து காய்ச்சிய கொட்டிலுக்கே நினைவில் போய்விட்டேன். இன்று அந்த இடத்தில் தெரு போட்டுவிட்டார்கள்.

எட்டிலொன்றாக வற்ற வேண்டும் என்பார் ஊர் வைத்தியர், பரியாரியார். என்னைப் பெற்ற, எழுத்தறியாத ஐயா, பானைத் தண்ணீரின் உயரத்துக்குப் பனையோலை நறுக்கி, அதை மூன்று தரம் பாதியாய் மடித்து, அந்தச் சிறு துண்டளவுக்கு வற்றும்வரை புகைக்குள் குந்தியிருப்பார்.

"பள்ளிக்கூடத்தில பின்னம் படிக்கிறாய், சரியோ பார்."

"ஓம் ஐயா" என்பேன், பெருமையாக. சிரட்டையோடு நிற்கிற கிழவர்கள், "உது குடிநீரோ கூழோ?" என்று பகிடி பண்ணுவார்கள். தங்கை அதைக் குடித்துத்தான் பிழைத்தாள்.

இன்றைக்கு ஓலையை மடித்துப் பானைக்குள் விட்டபோதுதான் உறைத்தது: பானையின் அடி குறுகிக் குவிந்தது. உயரத்தில் எட்டிலொன்று, தண்ணீரில் எட்டிலொன்று அல்ல, அதைவிடக் குறைவு. அப்படியென்றால் ஊர் குடித்தது பரியாரியாரின் மருந்தா, ஐயாவின் மருந்தா? பரியாரியாருக்குப் பானையின் வடிவம் தெரியாதா? படித்த கணக்குப்படி இப்போதே இறக்க வேண்டும். ஓலைப்படி இன்னும் வற்ற வேண்டும். கேட்பதற்கு இருவருமே இல்லை.

"அண்ணை, இறக்கட்டோ? பிள்ளை அனுங்குது. உவ்வளவு படிச்சுப்போட்டும் பானையைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்!"

பிழைத்தவள் எதிரே நின்று கேட்கிறாள்.

"கொஞ்சம் பொறு" என்று ஓலையைத் திரும்பவும் உள்ளே விட்டேன், சரியா பிழையா என்று தெரியாமலே.