வட்டையை மூட வரும் சட்டம்: சாய்ந்தமருதுக்கு ஒரு மழைக்காலப் பயணம்

அபிவிருத்தித் திட்டங்களுக்கு இனிச் சுற்றாடல் மதிப்பீடு தேவையில்லை என்று ஒரு சட்டமூலம் வெளியான வாரம், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ் ஏறினேன். அது நிறைவேறினால் சாய்ந்தமருதுக்கு மேற்கே உள்ள, மாரியில் நீர் தேங்கும் சதுப்பு வெளியான வட்டையை மண்போட்டு மூட யாரையும் கேட்கத் தேவையில்லை. பறவை பார்க்கப் பல தடவை போன இடம். இந்தத் தடவை, சட்டமூலத்துக்கு எதிராக நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் மனுவுக்குக் கையொப்பம் சேர்க்கும் நஸீமா டீச்சரைப் பார்க்கப் போனேன்.

தூரம் நாற்பது கிலோமீற்றர் அளவுதான். மழையென்றால் பஸ் ஊர்ந்துதான் போகும், அதற்கேற்பக் கிளம்புங்கள். கல்முனை பஸ் நிலையத்தில் டீச்சர், தன் அயல்வீட்டு ஹனிபா காக்காவின் (இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) ஓட்டோவோடு நின்றிருந்தார்.

"டீச்சர்ட பேப்பர்ல நான் மட்டும் கையெழுத்து வெக்கல்ல தம்பி," என்றார் காக்கா, ஓட்டோவை எடுத்தபடியே. "எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைகள். கலியாணம் பேசினா வீடு கேக்காங்க. ஊருக்குள்ள காணி எங்க இரிக்கி? வட்டைய மூடினாத்தான் எங்களுக்கு வழி."

"மூடினா மாரித் தண்ணி எங்க போற காக்கா?"

"அத கொக்குக்கிட்டக் கேளுங்க டீச்சர்."

காக்கா ஓட்டோவை வட்டைக்கு விட்டார்.

அங்கே ஒரு டிப்பர் ஏற்கெனவே பாய் பின்னும் பன்புல்லின் மேல் மண் கொட்டிக்கொண்டிருந்தது. நான் படம் எடுத்தேன். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் ஓட்டோவின் திறப்புச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"படத்த அழி."

"எந்த அனுமதில கொட்டுறீங்க?" டீச்சர் இறங்கி நேரே அவன் முன்னால் நின்றார்.

"சட்டம் வருது. மறுகா ஒங்களுக்கு இஞ்ச வேல இல்ல."

உண்மையைச் சொன்னால், நான் படத்தை அழிக்கத்தான் போனேன். அதற்குள் காக்கா இறங்கிவிட்டார்.

"திறப்பத் தாடா. இந்த மண் ஆருக்குக் கொட்டுற? எங்கட புள்ளைகளுக்கு வீடு கட்டவா?"

அவன் சிரித்துவிட்டான். "ஒங்களுக்கா? கொழும்புக் கொம்பனிட ஸ்டோருக்கு, காக்கா."

திறப்பைச் சேற்றில் எறிந்தான். காக்கா குனிந்து எடுத்து, சாரனில் துடைத்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

டீச்சரின் வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தியதும் காக்கா சொன்னார். "பேப்பரக் கொண்டு வாங்க. ஆனா காணியில்லாத ஆக்களுக்குக் காணி வேணுமெண்டும் எழுதோணும்."

"இது சட்டமூலத்துக்கு எதிரான மனு. அதுல அத எழுத ஏலாது காக்கா."

"அப்ப கொக்குக்கு மட்டுமா நீங்க கதைக்கிற?"

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மனுவை எழுதும் சட்டத்தரணிக்கு அழைப்பெடுத்தார். காணிக் கோரிக்கையைத் தனி மகஜராகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுப்பது, அதில் முதல் கையொப்பம் டீச்சருடையது என்று முடிவாயிற்று. டீச்சர் அப்போதே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் காக்கா மனுவில் கையொப்பம் வைத்தார்.

மனு நீதிமன்றம் போய்விட்டது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில், ஊர் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து டிப்பர் வருகிறதாம்.

போகிறவர்கள் ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். புதிதாகக் கொட்டிய மண்ணில் கால் வைக்காதீர்கள், உள்வாங்கும். எடுத்த படத்தை உடனே வேறொருவருக்கு அனுப்பிவிடுங்கள். கையொப்பம் கேட்டுப் போகிறவர்கள், வைக்க மறுப்பவரின் வீட்டில்தான் அதிக நேரம் இருக்க வேண்டும்.