கிரவுனுக்குள் இருந்த வாழைப்பழம்

எங்கள் தெருவில் ஆரோக்கியம்மாளைப் பூட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்து அரம் போட்டவர். 1998-இல் அந்த வேலையை உதறிவிட்டு ஒரு பழைய பிக்கப் வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"பன்னெண்டு வருசமா ஒரே செவத்தப் பாத்தாச்சு. வேற எதாச்சும் பாக்கணும்ல."

வண்டி 1964-இல் செய்தது. உருண்டை விளக்கு, பின்னால் மரப்பலகைத் தொட்டி. விற்றவர் கருப்பணன். பேருந்து நிலையம் பக்கத்து வாடகை வண்டி ஸ்டாண்டுக்கு அவர்தான் செயலாளர். "பூனை மாதிரி சத்தமே இல்லாம போகும் தங்கச்சி" என்று சொல்லித்தான் கொடுத்தார். அப்படித்தான் போனது, முதல் இரண்டு மாதம். பிறகு வண்டியின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது.

ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் பெயர் இருந்தால்தான் லோடு. பெயர் இருக்கிற வரிசைப்படி முறை வரும். பாதி வழியில் லோடோடு மூன்று தடவை நின்றுபோன வண்டியின் பெயரை அழித்துவிடுவார்கள். முறை வந்தும் போக மறுத்தால் அதுவும் நின்றதாகத்தான் கணக்கு. ஆரோக்கியம்மாளின் வண்டி நத்தம் சாலையில் ஒரு தடவை, சின்னாளபட்டியைத் தாண்டி ஒரு தடவை நின்றுவிட்டது. இரண்டாம் தடவை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"வர்ற திங்கக்கெழமை ஒன் மொற. சிறுமலை வாழத்தார் லோடு" என்றார் கருப்பணன், எல்லார் முன்னிலையிலும். "மலையில பதினெட்டு வளைவு. இந்த ஓட்டை ஏறாது. நீயே பேரை எடுத்துக்கிட்டா மரியாதை. என் மச்சான் வண்டி எடுத்து வச்சுக்கிட்டு எடத்துக்குக் காத்திருக்கான்."

"திங்கக்கெழம வாரேன்ணே."

அன்று புதன்கிழமை.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் தண்டு வண்டியின் நீளவாக்கில் கிடந்து சுற்றுகிறது. சக்கரத்தின் அச்சோ குறுக்கே கிடக்கிறது. நீளச் சுற்றைக் குறுக்காகத் திருப்பிவிடுவது பின் அச்சின் நடுவில் குடம் போல் புடைத்திருக்கும் பகுதி. உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம், அதைக் கடித்துச் சுற்றும் சின்னது ஒன்று. பெரியது கிரவுன், சின்னது பினியன். அந்தக் குடத்தையே எங்கள் ஊரில் கிரவுன் என்று சொல்லிவிடுவார்கள். அதுதான் ஊளையிட்டது.

மூன்று மெக்கானிக் பட்டறைகளில் கேட்டார். மூன்றிலும் கையை விரித்தார்கள். இத்தனை பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்காது, இரும்புக் கடையில் போடுங்கள் என்றார்கள். மூன்றாவது பட்டறை மேஸ்திரி சடையாண்டி மட்டும் உண்மையைச் சொன்னார்.

"கருப்பணன் பகை எனக்கு வேணாம்மா. ஆமா, நீ பேசாம எவனையாச்சும் வச்சுக் கழட்டலாம்ல?"

"எவனையாச்சும் எதுக்கு? நான் இருக்கேன்ல."

பட்டறையே சிரித்தது.

வியாழக்கிழமை காலை வீட்டு முன்னால் கருங்கல் அடுக்கி வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தினார். நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வந்த கணவர் சூசைமுத்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். குடத்தின் மூடியைக் கழற்றியதும் எண்ணெய் ஊற்றும் என்று தட்டு வைத்திருந்தார்கள். எண்ணெய் வரவில்லை. சாம்பல் நிறத்தில் கூழ் வந்தது. மரத்தூள். அதோடு கறுத்துப்போன நார்.

ஆரோக்கியம்மாள் விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"வாழைப்பழம்."

"என்னது?"

"சத்தம் கேக்காம இருக்க, கருப்பணன் பழத்தையும் மரத்தூளையும் உள்ள அமுக்கிருக்கான். அதான் பூனை மாதிரி போச்சு. அரைஞ்சு தீர்ந்ததும் கத்த ஆரம்பிச்சிருச்சு."

சூசைமுத்து சட்டையை மாட்டினார். "வா, நடு ஸ்டாண்டுல வச்சுக் கேப்போம்."

"கேட்டா இல்லன்னுவான். மொதல்ல வண்டி ஏறட்டும். பேரிங் தேஞ்சு ஆடுது, நீங்க மதுரைக்குப் போயி புதுசு வாங்கிட்டு வாங்க."

பற்களைப் பெட்ரோலில் கழுவிப் பார்த்தார். உடையவில்லை. பேரிங்குகள்தான் தேய்ந்து, இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று தப்பான இடத்தில் கடித்துக்கொண்டிருந்தன. புது பேரிங் போட்ட பிறகு எங்கே கடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? பூட்டுக்குச் சாவி செய்பவர்கள் சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றுவார்கள். பூட்டில் விட்டுத் திருப்பி எடுத்தால், உரசிய இடத்தில் மட்டும் கரி போயிருக்கும். அங்கே அரம் போட வேண்டும். அதையே இங்கும் செய்தார். மண்ணெண்ணெய் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவிச் சுற்றினார். கரி பல்லின் ஓரத்தில் போயிருந்தது. நடுவில் போயிருக்க வேண்டும். பூட்டுக்கான பித்தளைத் தகட்டில் வளையம் வெட்டி, பேரிங்குக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தை மயிரிழை நகர்த்தினார். மறுபடி கரி, மறுபடி வளையம். வெள்ளிக்கிழமை முழுக்க இதுதான்.

சனிக்கிழமை மாட்டி, புது எண்ணெய் ஊற்றி ஓட்டினார். பக்கத்திலிருக்கும் பேகம்பூரைக்கூடத் தாண்டவில்லை, குடத்திலிருந்து புகை வந்தது. கை வைக்க முடியாத சூடு.

தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள், "பூட்டுக்காரம்மா நல்லா பூட்டிப்புட்டாங்கப்பா!" என்றார்கள்.

தப்பு எங்கே என்று அவருக்கு வீடு வந்து சேர்வதற்குள் விளங்கிவிட்டது. பட்டறையில் அவர் செய்த பூட்டில் துளி ஆட்டம் இருக்காது. அந்தப் பெருமை கையில் ஊறியிருந்தது. கிரவுனையும் பினியனையும் அதே மாதிரி இடைவெளியே இல்லாமல் இறுக்கியிருந்தார். சுற்றுகிற பல்லுக்கு மூச்சு விட இடம் வேண்டும்.

"பூட்டுல ஆட்டம் இருந்தா திருடன் வருவான். இதுல ஆட்டம் இல்லைன்னா நெருப்பு வருது" என்று கணவரிடம் சொல்லிவிட்டு மறுபடி மூடியைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகவில்லை. மாதா கோயில் மணி அடித்தபோது வண்டிக்கு அடியில் கிடந்தார். இரண்டு பல்லுக்கும் நடுவே ஒரு தபால் அட்டை கனத்துக்கு இடம் விட்டு முடுக்கினார். இந்தத் தடவை ஓட்டிவிட்டு வந்து தொட்டபோது குடம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

திங்கள் காலை ஸ்டாண்டுக்குப் போனபோது கரும்பலகையில் அவர் பெயர் இல்லை. ஈரத்துணி அடையாளம் காயாமல் இருந்தது.

"இன்னும் மூணாவது தடவ நிக்கலையேண்ணே. அதுக்குள்ள அழிச்சாச்சா?"

"எப்படியும் நிக்கத்தான போகுது."

"அப்ப கூட ஏறுங்க. நின்னா எறங்கி நீங்களே தள்ளிட்டு வாங்க."

ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. கருப்பணனுக்கு வேறு வழியில்லை, ஏறினார்.

பதினெட்டு வளைவிலும் அவர் காதைப் பின்பக்கமே வைத்திருந்தாராம். மேலே வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போதும் ஊளை இல்லை. மதியம் மண்டியில் லோடு இறக்கிவிட்டு வண்டி ஸ்டாண்டில் வந்து நின்றது. ஆரோக்கியம்மாள் மலையில் வாங்கிவந்த ஒரு சீப்புப் பழத்தைக் கருப்பணன் கையில் வைத்தார்.

"நல்ல பழம்ணே. நீங்க தின்னுங்க. வண்டிக்கு ஊட்டாதீங்க."

முதலில் ஒருவர்தான் சிரித்தார். பழம் வைத்து ஊளையை அமுக்கும் பழைய தந்திரம் டிரைவர்களுக்குத் தெரியாததல்ல; பிறகு எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

சாக்பீஸை எடுத்தவர் ஆரோக்கியம்மாள்தான். தன் பெயரை முழுசாக, இரண்டு வரி இடம் பிடிக்கிற அளவுக்குப் பெரிசாக எழுதினார்.

"சின்னதா எழுதக்கூடாதாக்கா? எங்க பேருக்கும் எடம் வேணும்ல" என்றார் ஒரு டிரைவர்.

"நீ சின்னதா எழுதிக்கப்பா" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த லோடு என்ன என்று கேட்டார்.