ஏழாம் எண் கிளை

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கல்லூரியில் மட்டும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். வகுப்பில் முதல் மார்க் என்னுடையது.

ஐம்பதுகளில் பெங்களூரில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். கோலார் தங்கவயலிலிருந்து வந்து விடுதியில் தங்கிய ஒருத்தி எனக்கு உயிர்ச் சிநேகிதி. ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். இந்தச் செய்முறைத் தேர்விலும் தேறாவிட்டால் படிப்பு நின்றது, கல்யாணம்தான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

தேர்வில் மேசைக்கு ஒன்றாகத் தாவர மாதிரி வைத்திருப்பார்கள். பார்த்துப் பெயர் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஏழாம் எண்ணில் ஒரு சாண் கிளைத்துண்டு. அவள் அங்கே, நான் ஆறில். தாளில் ‘அரக்கேரியா’ என்று, பூங்காக்களில் கோபுரம்போல் நிற்கும் அந்த ஊசியிலை மரத்தின் பெயரை எழுதிவிட்டு, சரியா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தேன்.

“சவுக்குடி அது! அடிச்சிட்டு மாத்து.”

“அரக்கேரியா மாதிரி இருக்கேடி...”

“நான் சொல்றேன்ல? அரக்கேரியா எம்மாம் பெரிய மரம்! அதுல இவ்ளோ மெல்லிசா எங்கடி இருக்கும்?”

பாவி, நான் சொன்னதை நம்பி மாற்றி எழுதினாள். மணி அடித்தது.

ஏழாம் எண் என் கைக்கு வந்தது. சவுக்கைப் பிய்த்து விளையாடாத பிள்ளை உண்டா? இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். மறுபடி பொருத்தி, எந்த இடத்தில் ஒட்டினேன் சொல்லு என்று பந்தயம் கட்டுவோம். இதை லேசாக இழுத்தேன். கழலவில்லை. கணுவே இல்லை. சின்னச் சின்னச் செதில் இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் படிந்திருந்தன. எதிர்ப்பக்கமாக நீவினேன், விரலில் சுருக்கென்று குத்தியது. அரக்கேரியாவேதான்.

அவள் எட்டாம் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். தாள் இன்னும் அவளிடம்தான் இருந்தது. ‘நான் சொன்னது தப்புடி’ என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை. மேற்பார்வையாளருக்குப் பயந்தல்ல, பாழாய்ப்போன கௌரவம். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. குனிந்து, என் தாளில் அரக்கேரியா என்று எழுதினேன்.

இரண்டே மார்க்கில் தவறினாள். அடுத்த மாதமே கல்யாணம் நிச்சயமானது.

தங்கவயலுக்குப் போயிருந்தேன். மாலையும் கழுத்துமாக இருந்தவள் என்னை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டாள்.

“ஏண்டி, நீயும் சவுக்குன்னுதானே எழுதுன?”

“ஆமாண்டி.”

“அச்சச்சோ, உனக்கும் ரெண்டு மார்க் போச்சா!” என்று என் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.