மூன்றாம் கவுன்டரும் முளைக்காத மாடியும்

மூன்றாம் கவுன்டர்காரி விவசாயிகளின் பட்டியலை விற்று மாடி கட்டிவிட்டாள் என்பதுதான் வதந்தி. செவ்வாய்க்கிழமை காலையில் வெறும் மாடியாகக் கிளம்பியது, மத்தியானத்துக்குள் பளிங்குத் தரை போட்டுக்கொண்டது, சாயங்காலம் அதில் ஏசியும் ஓட ஆரம்பித்துவிட்டது. வதந்திக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. கொத்தனார் கூலியும் மிச்சம்.

சரி, போய்த்தான் பார்த்துவிடுவோமே. பயிர்க் காப்பீட்டு அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, பால் பூத்துக்கு எதிரே அவள் வீடு. இரும்பு ஏணியில் மேலே ஏறினால் நாலு கம்பம், ஆறு தகரம். கீழே ஒரு கொடி, கொடியில் அவள் கணவனின் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். மாடி என்று வாய் கூசாமல் சொல்லத்தக்கது அந்தச் செங்கல் ஒன்றுதான்.

அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ‘மூடி’. பதினோரு வருஷமாக அந்தப் பெயர்தான். விவசாயி வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மேலே இருப்பவரின் தொகையும் கீழே இருப்பவரின் வங்கிக் கணக்கும் கண்ணில் படக்கூடாது என்று, பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டி வைத்திருந்தாள். அட்டையைப் பதிவேட்டின்மேல் வைத்தால் அவரவர் வரி மட்டும் தெரியும். “அவனுக்கு எவ்வளவும்மா வந்திருக்கு?” என்று எட்டிப் பார்க்கிறவர்களிடம், “அதை அவர்கிட்டயே கேளுங்கண்ணே” என்பாள். பக்கத்து வயல்காரனுக்கு எவ்வளவு வந்தது என்று தெரியாமல் போனால், தனக்கு வந்த பணத்தில் என்ன சுகம்? அதனால் மூடியை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது.

இப்படிப்பட்டவள்தான் பட்டியலை விற்றுவிட்டாளாம்.

நடந்தது இதுதான். ஆலங்கட்டி மழையில் அழிந்த பயிருக்கு இழப்பீடு வரவேண்டிய நேரம். அந்தச் சமயத்தில் மூன்று பேருக்கு போன் வந்தது. “காப்பீட்டு ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க பணம் பாஸ் ஆயிடுச்சு. இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க.” பெயர், கணக்கின் கடைசி நாலு இலக்கம், தொகை எல்லாவற்றையும் ஒப்பிப்பதுபோல் சொல்லியிருக்கிறான். மூன்று பேரும் நம்பரைச் சொன்னார்கள். மூன்று பேரின் கணக்கும் துடைத்து வைத்ததுபோல் ஆனது.

அந்த மூவரில் ஒருவர் வெங்காயக்காரர். விதைக்கென்று வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. வயிற்றெரிச்சல் தாங்காமல், முந்நூற்று நாற்பது பேர் இருக்கிற விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டார். “நம்ம விவரமெல்லாம் யார் கையில இருக்கு? அந்த மூணாம் கவுன்டர்ல இருக்காளே, மூடி மூடி வைக்கிறவ, அவ கையில! மூடி வச்சதெல்லாம் விக்கிறதுக்குத்தான்யா!” அந்தக் குழுவில் மழை வருமா என்று கேட்டால் ரெண்டு நாள் கழித்து ஒருவர் கட்டைவிரல் காட்டுவார். இதற்கு மட்டும் பத்து நிமிஷத்தில் அறுபது பேர் கைதட்டினார்கள். மாடி அங்கேதான் எழும்பியது.

புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டார். அவர் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் அவர் வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் வரிசையாக இருக்கும், கோப்பு வைக்க இடம் இருக்காது. ஒரு உறையை நீட்டினார்.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள விளக்கம் குடுங்கம்மா. இல்லேன்னா வேலையில இருந்து நிறுத்தி வைக்கறதைத் தவிர வேற வழியில்ல.”

“நான் என்ன சார் பண்ணேன்?”

“பண்ணலைன்னு எழுதிக் குடுங்க. ஆதாரத்தோட.”

“பண்ணாததுக்கு ஆதாரம் எங்க சார் போய்த் தேடறது?”

“அது உங்க சாமர்த்தியம்,” என்று சொல்லிவிட்டு, மேலாளர் செல்போனைப் பார்த்தார். அலுவலகத்துக்கென்று சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. அதை அவர்தான் வளர்க்கிறார், பிள்ளை வளர்ப்பதைவிட அக்கறையாக. மின்விசிறி மாற்றினாலும் அதில் படம் வரும்.

வீட்டில் பள்ளி வேன் ஓட்டும் கணவன் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே கேட்டான். “மாடி கட்டிட்டியாமே? எனக்குச் சொல்லவே இல்ல. சாவியாவது குடு, ஏசியில ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றேன்.”

அவள் சிரிக்கவில்லை. “வேலை போயிடும்ங்க.”

“எவன் சொன்னான்?”

“உறையில போட்டுக் குடுத்திருக்காங்க.”

அவன் உறையைப் பிரித்துப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். வேன் கடனுக்கும் மகளின் கல்லூரிக்கும் அவள் சம்பளம்தான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. “உங்க அண்ணனும் வாட்ஸ்அப்ல நம்ம குடும்பக் குழுவுக்கு அதை அனுப்பிட்டார்,” என்றாள் அவள். “கூடவே ‘உண்மையா?’ன்னு ஒரு கேள்விக்குறி.”

“அந்தாளு போன்ல வந்ததைப் படிக்கவே மாட்டாரு, அப்படியே தள்ளிவிடுவாரு. பூகம்பம் வருதுன்னு போன வருஷம் எத்தனை வாட்டி அனுப்பினார்? ஒரு டம்ளராவது ஆடிச்சா?”

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். திருட்டுப் போனால் திருடன் எந்த வழியாக வந்தான் என்று பார்ப்பது உலக வழக்கம். இவர் வேறு ரகம். மூடியின் வீட்டுச் சதுர அடி கேட்டார். நகை கேட்டார். கணவனின் வேன் எப்படி வந்தது என்று கேட்டார். ஏமாந்த மூன்று பேரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும், பாவம், அவர்கள் வெறுமனே ஏமாந்தவர்கள்தானே.

கடைசியாக ஒரு கேள்வி போட்டார். “போன மாசம் மோசடித் தடுப்பு வாரம் நடந்துச்சே, அந்தப் படத்துல எல்லாரும் இருக்காங்க. நீங்க மட்டும் இல்ல. ஏன்?”

“கவுன்டர்ல இருபது பேர் நின்னாங்க சார்.”

“மோசடியைத் தடுக்கறதுல அவ்வளவு ஆர்வம் இல்லன்னு எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வெங்காயக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். குரல்பதிவில் திட்டியது பற்றவில்லை போலும். கவுன்டர் கண்ணாடியைத் தட்டினார்.

“மாடிக்குப் பால் காய்ச்சியாச்சா? எங்களையெல்லாம் கூப்பிட மாட்டியா?”

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மூடிக்குக் கண் கலங்கியது. ஆனால் பதினோரு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் கத்தினாலும் படிவத்தை எடுத்துவிடுவாள்.

“அண்ணே, திட்டறதை அப்புறம் திட்டுங்க. அந்தப் போன்ல என்ன சொன்னான்? ஒரு எழுத்து விடாம சொல்லுங்க.”

“என்ன சொன்னான்! என் பேரைச் சொன்னான், நம்பர் சொன்னான். உங்க கத்திரிக்காய்க்கு வந்த பணம்னு தொகையைச் சொன்னான்...”

“இருங்க. கத்திரிக்காயா?”

“ஆமா.”

“நீங்க போட்டது வெங்காயம்தானே?”

“என் தாத்தா காலத்துல இருந்து வெங்காயம்தான். கத்திரிக்காய்னு சொன்ன பிறகுதான் நான் முழுசா நம்பினேன்.”

“ஏன்?”

“இந்த ஆபீஸ்ல என்னிக்குச் சரியா எழுதியிருக்கீங்க? தப்பா சொல்றான், அப்ப கண்டிப்பா ஆபீஸ்காரன்தான்னு நினைச்சேன்!”

வரிசை சிரித்தது. மூடி சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

வெங்காயக்காரரைக் கத்திரிக்காய்க்காரராக்கிய பட்டியல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சரிபார்ப்பதற்கென்று எடுத்த முதல் பிரதி. மோசடித் தடுப்பு வாரத்தின் முதல் நாள், காலை பத்து மணிக்கு அச்சாகி வந்தது. அச்சுக்கு அனுப்பிய கையோடு கணினித் திரையில் தப்பு கண்ணில் பட்டு அங்கேயே திருத்திவிட்டாள். பிறகு அந்தப் பிரதியைக் கிழித்துப் போட எழுந்து போனால், அச்சு இயந்திரத்தில் காகிதத்தைக் காணோம். பன்னிரண்டு மணிக்கு மேலாளரின் மேஜையில் கிடைத்தது. நாலு மூலையிலும் குண்டூசி குத்திய ஓட்டை. அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கவில்லை, பதினாறாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

இன்றைக்கு யோசித்தாள். குண்டூசி எங்கே குத்துவார்கள்? அறிவிப்புப் பலகையில்.

அலுவலகப் பக்கத்தை அவள் அதுவரை ஒருநாளும் திறந்ததில்லை. இப்போது திறந்தாள். படம் இருந்தது. மேலாளர் நடுவில், இரண்டு பக்கமும் ஊழியர்கள், எல்லாருடைய கட்டைவிரலும் மேலே. தலைக்குமேல் பதாகை: ‘உங்கள் விவரம் உங்கள் உரிமை. யாரிடமும் பகிராதீர்கள்.’ பதாகைக்குக் கீழே, மேலாளரின் இடது தோளுக்குப் பின்னால், அறிவிப்புப் பலகை. பலகையில் பட்டியல்.

“வெறும் பலகை பின்னால இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று மேலாளர்தான் கையில் கிடைத்த காகிதத்தை எடுத்து மாட்டியிருக்கிறார். வேலை நடக்கிற மாதிரி தெரியவேண்டுமே! முகம் தெளிவாக விழ வேண்டும் என்று கல்யாணத்துக்குப் படம் எடுப்பவரைப் பெரிய கேமராவோடு வரவழைத்து, படத்தைக் குறைக்காமல் முழு அளவில் ஏற்றியும் விட்டார். மூடி இரண்டு விரலால் திரையை விரித்தாள். மேலாளர் விலகிப் போனார், தோள் போனது, பலகை வந்தது, பட்டியல் வந்தது. பெயர், போன் நம்பர், கணக்கு, பயிர், தொகை. தோள் மறைத்த வரிகள் தப்பித்தன. தோளுக்கு மேலே இருந்த முதல் மூன்று வரி மட்டும் கண்ணாடிபோல் தெரிந்தது. அந்த மூன்று பேர்தான் ஏமாந்த மூன்று பேர்.

மூன்றாவது வரியில் கத்திரிக்காய்.

நாலு மணிக்கு மேலாளர் அறைக்குப் போனாள். விசாரணை அதிகாரியும் அங்கேதான் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“விளக்கம் கொண்டு வந்தீங்களா?” என்றார் அதிகாரி.

“உங்க போன்லயே இருக்கு சார். அந்தப் படத்தைத் திறந்து கொஞ்சம் பெருசாக்குங்க. இன்னும் மேல. சாரோட தோளுக்கு மேல.”

அதிகாரி பெரிதாக்கினார். பிஸ்கட் டீக்குள் விழுந்து கரைந்தது, அவர் கவனிக்கவில்லை. மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது... லேசாத்தானே தெரியுது,” என்றார்.

“கீழ வந்திருக்கற கருத்தைப் பாருங்க சார்,” என்றாள் மூடி. “முதல் கருத்து.”

முதல் கருத்து விசாரணை அதிகாரியே எழுதியது. ‘அருமை! மிகத் தெளிவான படம்!’

அதிகாரி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

இதற்குமேல் நியாயம் ஜெயித்தது, மேலாளர் தலை குனிந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. படம் ஐந்து நிமிஷத்தில் மறைந்தது. அறிக்கையில், ‘தகவல் வெளியான விதம் தொழில்நுட்பக் காரணங்களால் துல்லியமாக அறிய இயலவில்லை, மூன்றாம் கவுன்டர் ஊழியர்மீதான புகார் நிரூபிக்கப்படவில்லை’ என்று வந்தது. நிரூபிக்கப்படவில்லையாம். செய்யவில்லை என்று எழுதினால், யார் செய்தது என்று அடுத்த வரி எழுத வேண்டியிருக்குமே. மறுநாள் மேலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: கவுன்டர் ஊழியர்கள் பணி நேரத்தில் செல்போன் பயன்படுத்தக் கூடாது. தகவல் பாதுகாப்புக்காகவாம். அந்தச் சுற்றறிக்கையைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் படம் அலுவலகப் பக்கத்தில் இருக்கிறது. இம்முறை பின்னால் வெறும் சுவர், அந்த மட்டுக்காவது புத்தி வந்திருக்கிறது.

வேலை தப்பியது. உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூடி, படம் மறையும் முன்பே எடுத்து வைத்திருந்த அச்சுப் பிரதியில் வெங்காயக்காரரின் வரி போக மற்ற இரண்டையும் தாள் ஒட்டி மறைத்து, மூவரும் போலீஸில் கொடுத்திருந்த புகாரோடு சேர்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

“தப்பாப் பேசிட்டேம்மா. மனசுல வச்சுக்காத.” குரல் அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

“திட்டுனது முந்நூத்தி நாற்பது பேருக்குக் கேட்டுச்சு. இது மட்டும் எனக்கும் உங்களுக்கும்தானாண்ணே?”

“குழுவுல போட்டுடறேம்மா. இன்னிக்கு ராத்திரியே போட்டுடறேன்.”

அதற்கப்புறம் ஒரு மாசத்துக்குமேல் ஆகிவிட்டது. குழுவில் வெங்காயக்காரர் தினமும் விடிகாலையில் பூப்படத்தோடு வணக்கம் வைக்கிறார். வெங்காய விலை போடுகிறார். யாரோ ஒரு பூனை வயலின் வாசிப்பதைக்கூடப் போட்டார். மன்னிப்புக் குரல்பதிவு மட்டும் வரவில்லை. மாடியும் இன்னும் இடியவில்லை, போன வாரம் அதற்கு யாரோ லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட வந்தவரிடம் மூடி கேட்டாள், “என்னண்ணே, போட்டீங்களா?”

“தொண்டை கட்டிக்கிச்சும்மா, பேசவே வரல,” என்றார் வெங்காயக்காரர், வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.