தம்பியைத் தனியே அனுப்பிய அம்மா

எங்கள் அம்மா மலேசியாவில், கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பள்ளிக்குப் போன நாள்களைவிடப் ரப்பர்ப் பால் வாளி தூக்கிய நாள்களே அதிகம். தோட்டம் விற்கப்பட்டதும் ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். என்னையும், அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்த தம்பியையும் அம்மா ஒற்றை ஆளாக வளர்த்தார்.

தம்பியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். கடைக்குக்கூடத் தனியே விட்டதில்லை. “நான் கண்ண மூடிட்டா இவன யாரு பாப்பா?” என்பதே அவரது ஓயாத கவலை. எனக்கும் அதே பயம்தான், வெளியில் சொன்னதில்லை.

தம்பிக்கு முப்பது வயது கடந்தபின், பயிற்சி மையத்து ஆசிரியை அவன் கைப்பேசியில் படங்களை வரிசையாக அமைத்துக் கொடுத்தார். ஏற வேண்டிய பேருந்து, இறங்குமிடம், வேலை கிடைத்திருந்த சலவைக் கடை. படத்தைத் தொட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் சொல்லும். நாங்கள் மூவரும் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் வரைபடத்தை எல்லார் கைப்பேசியிலும் நான் ஏற்றினேன். மூன்று மாதம் கூடவே போய்ப் பழக்கிய ஆசிரியை, “இனி தனியா போவட்டும் லா, அம்மா” என்றார். அம்மா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

பிறகு சம்மதித்தார். சம்மதித்ததுபோல் நடித்தார் என்பதே உண்மை. தம்பி பேருந்தில் ஏறியதும், பக்கத்து வீட்டு அக்காவின் காரில் பின்னாலேயே போயிருக்கிறார். கைப்பேசி தம் பையில் இருப்பதை மறந்துவிட்டார். பாதி வழியில் அது ஒலித்தது.

“அம்மா, பின்னால வாரியா? ஒன் படம் ரோட்டுல வருது.”

“இல்லடா, மார்க்கெட்டுக்குப் போறேன் லா.”

“மார்க்கெட் அந்தப் பக்கம். நீ வீட்டுக்குப் போ. நான் வேலைக்குப் போறேன்.”

அக்கா சிரித்துக்கொண்டே காரைத் திருப்பினாராம். அம்மா என்னை அழைத்து, “என்னையே வெரட்டிட்டான்டி” என்றார். அழுகையும் பெருமையும் கலந்த அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அதன்பின் சில ஆண்டுகள் இருந்தார். நோயில் படுத்த கடைசி மாதங்களில், தம்பிதான் படம் பார்த்து வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தான், கஞ்சி காய்ச்சினான். உப்பு அதிகம் என்று திட்டிக்கொண்டே அம்மா முழுவதையும் குடித்தார். தமக்குப் பிறகு யார் என்று அப்போது ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நிம்மதியாகப் போனார். இத்தனை துக்கத்திலும் எனக்கும் அந்த நிம்மதி இருக்கிறது. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், ஆசிரியைக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தம்பியை இனி யார் அழைத்துக்கொள்வது என்று உறவினர் பலர் அன்போடு கேட்டீர்கள். அவன் தன் வீட்டிலேயே இருப்பான். பார்க்க வருபவர்கள் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். வேலை நாள்களில் ஐந்து மணிக்குமேல்தான் வீடு திரும்புவான்.