பல்லியின் சொல்

என் அக்கா வாலிபால் ஆட்டக்காரி என்று சொன்னதும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கத் தயாராவார்கள். பிறகு குனிவார்கள். அவள் என் தோள் உயரம்தான். அந்த உயரத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாகச் சம்பாதிக்கிறாள்.

அவள் லிபரோ. அணியில் எல்லோரும் நீலம் போட்டால் இவள் மட்டும் மஞ்சள். வலையருகே எகிறி அடிக்கும் உரிமை இவளுக்குக் கிடையாது. பின்வரிசையில் நின்று, எதிரணி அடிக்கும் பந்து தரையைத் தொடாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். "எல்லாரும் அடிச்சு சம்பாதிக்கறாங்க, என் பொண்ணு மட்டும் அடி வாங்கி சம்பாதிக்கறா" என்பாள் அம்மா, பால்கனிக் கம்பியில் முட்டிக் கவசங்களைக் காயப்போட்டபடி.

பள்ளியில் அவளைப் பந்து பொறுக்கத்தான் நிறுத்தினார்கள். உயரமானவர்கள் ஆட, இவள் வெளியே ஓடுகிற பந்தை எடுத்துப் போட வேண்டும். அடி விழுவதற்கு முன்பே இவள் ஓடத் தொடங்கிவிடுவதைப் பயிற்சி ஆசிரியை கவனித்தார்.

"எங்க விழும்னு உனக்கு யாரு சொன்னது?"

"பந்துதான் டீச்சர்."

அதன்பிறகு கோட்டுக்கு உள்ளே நின்றாள்.

லிபரோவின் பிழைப்பு இரண்டு சொற்களில் ஓடுகிறது. "நான்!" என்றால் பந்து எனக்கு, குறுக்கே வராதே. "விடு!" என்றால் தொடாதே, அது வெளியே போய் விழும், பாயின்ட் நமக்கு. இரண்டாவதுதான் கஷ்டம். கணிப்பு ஒரு விரல்கடை தப்பினாலும் கையிலிருந்த பாயின்டைத் தூக்கிக் கொடுத்த கதை ஆகிவிடும். பழைய கிளப்பில் எட்டு வருடம் இருந்தாள். இவள் "விடு" என்றால் ஆறடிப் பெண்கள் அடுப்பில் கை வைத்தது போல வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார்கள். தரையோடு ஒட்டிக் கிடப்பதாலும், சொன்னது பலிப்பதாலும் அங்கே அவளுக்குப் பல்லி என்று பெயர்.

வீட்டிலும் அதே பழக்கம்தான். அழைப்பு மணி அடித்தால் "நான்!" கடைசிச் சப்பாத்திக்கும் "நான்!" ஒருமுறை அம்மா கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் நழுவியபோது, தன்னை மறந்து "விடு!" என்று கத்தினாள். பிடிக்கப் போன அம்மா விட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, கண்ணாடிடீ அது!"

"பாய்க்கு வெளியதானம்மா விழுந்துச்சு."

போன வருடம் பழைய கிளப் அவளை வேண்டாம் என்றது. வயது முப்பத்து நான்கு. வேறொரு கிளப் ஒரே ஒரு பருவத்துக்கு எடுத்துக்கொண்டது; அடுத்த சுற்றுக்குப் போனால் மேலே பேசலாம் என்றார் அதன் மேலாளர். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சின்னப் பெண்கள். அக்கா அக்கா என்று உருகுவார்கள், வெந்நீர் ஒத்தடம்கூடக் கொடுப்பார்கள். ஆனால் இவள் "விடு" என்றால் விடமாட்டார்கள். எதற்கு வம்பு என்று பந்தை எடுத்துவிடுவார்கள்.

"மரியாதைக்குக் குறைச்சல் இல்லடி, நம்பத்தான் மாட்டேங்கறாங்க" என்றாள் போனில். "தரை தொடைக்கிற துணிக்கு மஞ்சச் சட்டை மாட்டின மாதிரி இருக்கேன்."

அடுத்த சுற்றுக்குப் போவதைத் தீர்மானிக்கும் ஆட்டம் பழைய கிளப்புடனேயே வந்து சேர்ந்தது. நானும் அம்மாவும் போயிருந்தோம். ஐந்தாவது செட்டும் சமமாகவே போனது. அக்காவின் அணியில் கடைக்குட்டி சர்வீஸ் போட்டாள். பந்து சற்று நீளமாகப் பறந்தது. எதிர்ப்பக்கம் அதை எடுக்கக் கைகளைக் கோத்து நின்றவள், ஒட்டகம் என்று பட்டப்பெயர் வாங்கிய நெட்டைக்காரி. எட்டு வருடம் அக்காவுடன் ஒரே அறையில் இருந்தவள்.

"விடு!"

குரல் அக்காவுடையது. ஒட்டகம் யோசிக்கவே இல்லை, கையை இழுத்துக்கொண்டாள். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. பாயின்ட் பழைய கிளப்புக்கு.

 ஒட்டகம் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய கும்பிடு போட்டாள். "ரொம்ப தேங்க்ஸ் பல்லி!" நடுவருக்குச் சிரிப்பில் விசில் சரியாக ஊதவில்லை. மேலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உப்பிட்டவங்களை உள்ளளவும் நினைன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "அதுக்குன்னு மேட்ச் நடுவுலயா?"

பயிற்சியாளர் இடைவேளை கேட்டு எல்லோரையும் கூப்பிட்டார். அங்கே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள்.

"நீ எந்த டீம்மா?" என்று கேட்டாராம் பயிற்சியாளர்.

"இனிமே வாயே திறக்கல மேடம்."

கடைக்குட்டிதான் குறுக்கிட்டிருக்கிறாள். "அக்கா, அவங்க திரும்பிக்கூடப் பாக்கலையே. நீங்க சொன்னதும் கைய எடுத்துட்டாங்க. நாங்க ஒரு தடவையாவது எடுத்திருக்கோமா?"

இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே திரும்பினார்களாம்.

"நீங்க வாயத் திறங்கக்கா" என்றாளாம் கடைக்குட்டி.

ஆட்டம் தொடர்ந்து, இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் அக்காவின் அணிக்கு வெற்றி என்ற நிலை வந்தது. எதிர்ப்பக்கம் ஒட்டகம் எகிறினாள். அவள் அடித்த பந்து தடுக்க எழுந்த கைகள் எதிலும் படாமல், பின்மூலையை நோக்கி வந்தது. அங்கே கடைக்குட்டி முட்டியை மடக்கி, கைகளைக் கோத்துத் தயாராக இருந்தாள்.

"விடு!"

இந்த முறையும் அக்காதான். கடைக்குட்டி கைகளைப் பிரித்து ஒருபக்கமாகச் சாய்ந்தாள். அவள் காதோரமாகப் போய்ப் பந்து விழுந்தது. கோட்டு நடுவர் குனிந்து பார்த்தார். அம்மா என் மணிக்கட்டை நசுக்கினாள். கொடி மேலே போனது. வெளியே.

ஒட்டகம் வலைக்கடியில் குனிந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "அடிச்சது நான்டி. உள்ளதான் விழும்னு நெனச்சேன். உன் குரல் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு, தொலஞ்சோம்னு."

நடைபாதையில் மேலாளர் காத்திருந்தார். "அடுத்த வருஷ ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை போடணும். எதிரணிக்கு ஓசியில வேலை பாக்கக் கூடாது."

"பழகிடுச்சு சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும்."

வெளியே படியிறங்கும்போது அம்மா தோளிலிருந்து அக்காவின் பை நழுவியது. பின்னால் வந்த அவள் அணிப் பெண்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் "நான்!" என்று பாய்ந்து, ஒருவர் தலையோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். பை படிப்படியாக உருண்டு தெருவில் போய் விழுந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்து அவர்களைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில பிராக்டீஸுக்குச் சீக்கிரம் வந்துடுங்க எல்லாரும்."