பதரை அரைத்த குரல்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மைக் கிடக்கிறது. அதன் தலைப்பக்கத்துக் கம்பி வலையில் பழுப்பாக அப்பியிருப்பதைப் பார்ப்பவர்கள் துரு என்பார்கள். அது தவிடு. தட்டினால் இன்றைக்கும் கொஞ்சம் உதிரும். அந்த மைக்கைப் பிடித்துப் பாடியவள் என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. பாடியவள் என்று சொன்னால் பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். "அது பாட்டாடா? பேய் புடிச்ச மாதிரில்ல கத்துறா" என்பார். நாங்கள் குழுவாக வாசித்தது டெத் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை. அதில் அடிவயிற்றிலிருந்து உறுமித்தான் பாட வேண்டும்.

கீழ்வேளூருக்கு வெளியே இருக்கிற நெல் அரவை மில் பேருக்குப் பெரியப்பாவுடையது, நடத்துவது அக்கா. மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அக்கா நெல் கொட்டும் தொட்டியருகே நின்றபடி, அந்தக் கோடியில் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் குரல் கொடுப்பாள். தொண்டையால் கத்தினால் ஒரே வாரத்தில் குரல் போய்விடும் என்பதால், வயிற்றை இறுக்கிக் கீழேயிருந்து குரலைத் தூக்கி எறியப் பழகியிருந்தாள். நான் டிரம்ஸ். நன்னிலத்தில் செல்போன் கடை வைத்திருந்த நண்பன் கிட்டார். மில்லுக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் கொட்டகையில், மில் ஓடும் நேரத்தில் மட்டும் ஒத்திகை பார்ப்போம். அப்போதுதான் ஊரில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மில் நின்றால் நாங்களும் நின்றாக வேண்டும்.

எங்கள் பாட்டுகளிலேயே நாங்கள் உயிராக நினைத்தது 'பதர்'. ஒரு வருஷம் சம்பாப் பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. அறுத்தால் முக்கால்வாசி உள்ளே அரிசியில்லாத பதர். வீட்டுச் சாப்பாட்டுக்காவது ஆகட்டும் என்று அதையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். ஒன்றும் தேறாது என்று தூக்கிப் பார்த்த உடனேயே அக்காவுக்குத் தெரியும். "இது வேணாங்க, சும்மா உமிதான் வரும்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு அம்மாள், "நீ ஓட்டு தாயி, கொஞ்சமாச்சும் வரும்" என்று சொல்லிவிட்டு, அரிசி விழும் வாய்க்குக் கீழே முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார். அக்கா மில்லைப் போட்டாள். உமியும் தவிடும் பறந்தன. அந்த அம்மாள் ஏந்திய முந்தானையை எடுக்கவேயில்லை. 'பதர்' பாட்டின் முடிவில் வார்த்தையே இல்லாமல் ஒரு அலறல் வரும். அது அந்த முந்தானைக்காக வந்தது.

எங்கள் இசைக்கு என்று ஒரு சின்ன உலகம் உண்டு. திருச்சியில் ஒரு மண்டபத்தின் கார் நிறுத்துமிடம், சென்னையில் ஒரு மொட்டை மாடி, அவ்வளவுதான் எங்கள் மேடைகள். கேட்க வருபவர்களில் பாதிப் பேர் வேறு குழுக்களில் வாசிப்பவர்கள். ஒருவன் பாட்டை இன்னொருவன் எடுத்தாள நினைத்தால் முதலில் போன் பண்ணிக் கேட்பான். அந்த மரியாதையிலேயே பழகிய எங்களைத் தேடி ஒரு நாள் சென்னையிலிருந்து கார் வந்தது. வந்தவர் சினிமா இசையமைப்பாளர் ஒருவரின் உதவியாளர். யாரோ ஏற்றிய வீடியோவில் அக்காவின் குரலைக் கேட்டிருக்கிறார். "மேடம், செம ராவா இருக்கு. பெரிய படம். அந்த எண்ட்ல கத்துறீங்களே, அத மட்டும் தனியாக் குடுங்க" என்றார்.

எதற்கு, எந்தக் காட்சிக்கு என்று அக்கா கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த முறை கூலி அரவை. அவரவர் நெல், அவரவர் அரிசி. மூட்டை வாயில் கட்டிய துணிக் கிழிசல்தான் அடையாளம். அதைப் பார்த்து உரியவர் கையில் ஒப்படைப்பதுதான் மில்காரரின் மானம். குரலையும் அப்படித்தான் கொடுத்தாள். அரைத்துக் கொடுத்தாலும் தன்னுடையது தன்னுடையதாகவே திரும்பும் என்று நம்பினாள். மில்லை நிறுத்திவிட்டு, இந்த மைக்கில், முழு மூச்சோடு அந்த அலறலைப் பதிந்து கொடுத்தாள்.

படம் வந்தபோது மில்லில் வேலை பார்க்கும் பெண்களையெல்லாம் நாகப்பட்டினம் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். நானும் போயிருந்தேன். சண்டைக் காட்சி வந்தது, இல்லை. பாட்டு வந்தது, இல்லை. இடைவேளைக்குப் பிறகு காமெடி நடிகரின் பொண்டாட்டியாக நடித்தவள் குளியலறைக் கதவைத் திறந்து வாயைத் திறந்தாள். அக்காவின் அலறல் வந்தது. காமெடியன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. எங்களோடு வந்த பெண்களும் சிரித்தார்கள், அது யார் குரல் என்று தெரியாமல். படத்தில் அதே அலறல் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா கடைசிவரை எழுந்திருக்கவில்லை. முடிவில் ஓடிய பெயர்களை எல்லாம் வாசித்துவிட்டு, "வாங்க, பஸ் போயிரும்" என்றாள்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த உதவியாளருக்குப் போன் பண்ணிக் கத்தினேன். "என்ன ப்ரோ, ஃபீல் பண்றீங்க? உங்களுக்கு எவ்ளோ ரீச் தெரியுமா?" என்றார். ரீச்சாம்! இவர்களுக்கு எங்கள் பாட்டு வேண்டாம், எங்கள் கோபம் வேண்டாம், அந்த அம்மாளின் முந்தானை வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலையாக ஒரு கொத்து கிள்ளிப் போட்டுக்கொள்வார்கள், சாப்பிடும்போது இலையோரம் ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் ஒதுக்கியதற்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஊரில் அது ரிங்டோன் ஆனது. குரல் யாருடையது என்பதும் மெல்லக் கசிந்தது. அரவைக்கு வந்தவர்களே, "அந்தச் சத்தத்த ஒரு தடவ போடும்மா, புள்ளைங்க கேக்கட்டும்" என்றார்கள். கேட்டவர்களில் அந்த முந்தானை அம்மாளின் மகனும் ஒருவன்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு ஹாலில் வாசித்தோம். அதுவரை பார்க்காத கூட்டம். 'பதர்' தொடங்கியதுமே செல்போன்கள் உயர்ந்தன. முடிவை நெருங்க நெருங்கச் சிரிப்பு கிளம்பியது. அலறல் வர வேண்டிய இடத்தில் அக்கா வாயைத் திறக்கவில்லை. கூட்டமே அவளுக்குப் பதில் அதே காமெடிக் குரலில் ஊளையிட்டுக் கைதட்டிக்கொண்டது. அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கை என் கையில் வைத்தாள். "வச்சுக்கடா தம்பி. இனிமே இதுல எனக்கு வேல இல்ல" என்றாள். அதோடு எங்கள் குழு முடிந்தது.

இந்தத் தை மாதம் மைக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன், எப்படியாவது அவளைத் திரும்பப் பாட வைத்துவிடலாம் என்று. மில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியருகே நின்றவளிடம் மைக்கை நீட்டினேன். பார்த்தாள், வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. வாசலுக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டாள். அதே உதவியாளர். இப்போது அவரே இசையமைப்பாளராம். இந்த முறை சீரியஸ் படமாம், விவசாயிகள் கதையாம், பெயரும் போடுவார்களாம். "வாங்க சார்" என்றாள் அக்கா, சாதாரணமாக. "வர்றப்ப ஒரு மூட்ட பதரு கொண்டாங்க. அரைச்சுத் தர்றேன். எவ்ளோ அரிசி வருதுன்னு நீங்களே முந்தான ஏந்திப் பாருங்க." போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

நானும் பின்னால் போனேன். தொட்டியில் நெல்லைச் சரித்துவிட்டு, மில் முழு வேகத்தில் ஓடும்போது, இயந்திரத்தைப் பார்த்தபடி அக்கா வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, வயிறு உள்வாங்கியது. அந்தக் கோடிவரை குரலை எறியத் தெரிந்தவள் இந்த முறை அதை இயந்திர இரைச்சலுக்குள்ளேயே விட்டாள், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அது 'பதர்' பாட்டில் எந்த இடம் என்று தெரிந்தது. அந்த இடத்துக்கு எத்தனையோ முறை டிரம்ஸ் அடித்தவன் நான். மூட்டையோடு காத்திருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கையில் மைக் இருந்தது. அதை நான் நீட்டவில்லை. தவிடு பறந்து அதன் மேல் படிந்துகொண்டிருந்தது. தோள்பைக்குள் போட்டுக்கொண்டேன்.